விழுங்குபொருள் எடுப்பு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

எண்டோஸ்கோப் விட்டு, விழுங்கிய பொருளை எடுக்கும் சிகிச்சைக்கு 'அயற்பொருள் அகற்றல்' என்றே வைத்துவிடலாம் எனப் போன மடலில் வந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

பெரியவர்களுக்கு உணவுக்குழாயில் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் கறித்துண்டும் எலும்பும் மீன்முள்ளும்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆக்கிய ஆட்டுக்கறியை 'அயற்பொருள்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. 'அகற்றல்' அதைவிடச் சிக்கல். கருப்பை அகற்றல், பித்தப்பை அகற்றல் என்று உறுப்பை வெட்டி எடுப்பதற்கே அது பழகிவிட்டது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிற தாய் பதறிவிடுவார். இதில் கத்திக்கே வேலையில்லை. வளையக்கூடிய குழாயை வாய்வழியே இறக்கி, திரையில் பார்த்தபடி, குழந்தை விழுங்கிய நாணயத்தின் விளிம்பை இடுக்கியால் கவ்விக்கொண்டு குழாயோடு சேர்த்து மேலே கொண்டுவருகிறார்கள். சிறு குழந்தை என்றால் பெரும்பாலும் மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் தனிக்குழாய் வைத்த பிறகுதான் தொடங்குவார்கள். வரும் வழியில் நாணயம் நழுவி மூச்சுப்பாதைக்குள் விழுந்துவிடக் கூடாது. திறந்த ஊக்கு என்றால் கூர்முனை பின்னால் வரும்படி திருப்பி இழுக்க வேண்டும். மதுரையில் சனங்கள் இதை 'கேமரா விட்டு எடுத்தாங்க' என்கிறார்கள். அந்த 'எடு'வை நாம் விட்டுவிடக் கூடாது. முள்ளை எடுக்கிறோம், பல்லை எடுக்கிறோம், நாணயத்தையும் எடுப்போம்.

அடுத்து, 'அயற்பொருள்' என்பதற்குப் பதிலாக 'சிக்குபொருள்' என்ற சொல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு காரணங்களால் வேண்டாம் என்கிறேன். விழுங்கியதெல்லாம் சிக்குவதில்லை. 80 விழுக்காட்டுக்கு மேல் தானாகவே மலத்தோடு போய்விடும், 10 முதல் 20 விழுக்காட்டுக்குத்தான் உள்நோக்கி (எண்டோஸ்கோப்) தேவைப்படும், அறுவை வரை போவது 1 விழுக்காடு அளவில்தான். அதே சமயம் எங்கும் சிக்காமல் இரைப்பையில் கிடக்கும் இரண்டு காந்தங்களை உடனே எடுத்தாக வேண்டும். குடலுக்குள் போய்விட்டால் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, குடற்சுவரையே ஓட்டையாக்கிவிடும்.

இரண்டாவது காரணம் நம் ஊர் சார்ந்தது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளை சாப்பிடாமல் உமட்டினால் தொக்கம் எடுக்கிறவரிடம், அதாவது உள்ளே சிக்கியதை எடுத்துவிடுவதாகச் சொல்லும் நாட்டு வைத்தியரிடம், தூக்கிப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 'சிக்கு எடுக்கிறது' என்றும் அதைச் சொல்வார்கள். மருத்துவச் சொல்லிலும் சிக்கு வந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு பாட்டி நினைத்துவிடக்கூடும். அங்கே போய் நேரம் கடந்தால், நாணயம் என்றால் சில மணி நேரம் தாங்கலாம். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கிற பட்டன் பேட்டரி தாங்காது. உணவுக்குழாயில் ஒட்டி நின்றதும் மின்னோட்டம் பாய்ந்து, எதிர்மின்முனைப் பக்கம் காரம் (அல்கலி) உண்டாகி, 2 மணி நேரத்திலேயே சதை வெந்துபோகும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். எக்ஸ்ரேயில் நாணயமும் பேட்டரியும் வட்டமாகத் தெரிந்தாலும் பேட்டரியின் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும். வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுத்து உள்ளே தள்ளப் பார்ப்பதும் கூடாது.

ஆகவே என் பரிந்துரை 'விழுங்குபொருள்'. வினைத்தொகை என்பதால் விழுங்கியது, விழுங்குவது, விழுங்கக்கூடியது மூன்றும் அதில் அடங்கும். 'விழுங்குபொருள்களைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்' என்று அங்கன்வாடிச் சுவரிலும் எழுதலாம். சிகிச்சைக்கு 'உள்நோக்கிவழி விழுங்குபொருள் எடுப்பு'. நீளம்தான், சரி; பேச்சில் 'விழுங்குபொருள் எடுப்பு' போதும். 'அகநோக்கி'யா 'உள்நோக்கி'யா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கருவிகளில், பொருளைச் சுற்றி இறுக்கும் கம்பிக் கண்ணியான ஸ்நேருக்கு (snare) நம்மிடம் 'சுருக்கு' இருக்கவே இருக்கிறது. நெட் (net) என்பதற்கு 'வலை'. நாணயத்தைக் கவ்வுகிற பல்வைத்த இடுக்கிக்கு 'எலிப்பல் இடுக்கி'.

இன்னொன்றையும் இப்போதே பிரித்துவிடுவோம். கடலைப்பருப்பு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் அது விழுங்கியது ஆகாது. அதற்குக் கருவி வேறு, அவசரமும் வேறு. புரையேறுதல் என்று எல்லோர் வாயிலும் இருக்கிற சொல்லிலிருந்து 'புரையேறுபொருள்' என்று அமைக்கலாமா? காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் குழுவில் இருந்தால், நோயாளிகள் இதை என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு சொல்லையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றலாம்.