குடல் ஊடுருவுதிறன் ஆய்வு: சோனுலின் கிட் போதுமா, லாக்டுலோஸ்–மானிட்டால் சோதனைதான் வேண்டுமா?

முதுநிலை_மாணவி

வணக்கம். தொற்று வயிற்றுப்போக்குக்குப் பின் தொடங்கிய ஐபிஎஸ்-டி (வயிற்றுப்போக்கு மிகுந்த எரிச்சல் குடல் நோய்) நோயாளிகளுக்கு எட்டு வாரம் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் கொடுத்து, முன்னும் பின்னும் குடல் ஊடுருவுதிறனை (குடல் சுவர் பொருள்களை உள்ளே கசியவிடும் அளவை) அளக்கும் ஒரு சிறிய ஆய்வுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரத்தத்தில் சோனுலின் (குடல் அணுக்களுக்கு இடைப்பட்ட சந்திகளைத் தளர்த்தும் புரதம்) பார்க்கும் எலைசா கிட் (எதிர்ப்பொருளால் புரதத்தைப் பிடித்து அளப்பது) எளிது, ஒரு ரத்த மாதிரியோடு வேலை முடிந்துவிடும் என்று துறையில் சொல்கிறார்கள். லாக்டுலோஸ், மானிட்டால் கரைசலைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரில் அளக்கும் சர்க்கரைச் சோதனைக்கு நோயாளியை ஐந்து மணி நேரம் உட்கார வைக்க வேண்டும், சிறுநீர் சேர்க்க வேண்டும்.

சோனுலினை மட்டும் வைத்து எழுதலாமா? லாக்டுலோஸ்–மானிட்டால் என்றால் அளவு, நேரம், சிறுநீரைப் பாதுகாக்கும் முறை என்ன? சிறுநீரில் லாக்டுலோஸ்–மானிட்டால் விகிதத்துக்கு இயல்பின் மேல் எல்லை 0.03 என்கிறது ஒரு கட்டுரை, மற்றவற்றில் வேறு எண்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

உயிர்வேதி_ஆய்வகம்

சோனுலினை முதன்மை அளவீடாக வைக்காதீர்கள். கிட் வாங்கும் பணத்தைச் சர்க்கரைச் சோதனைக்குச் செலவிடுங்கள்.

காரணம் இது. அலெசியோ ஃபசானோ குழு 2000-இல் லான்செட் இதழில் சீலியாக் நோயோடு (கோதுமையின் குளூட்டனால் சிறுகுடல் கெடும் நோய்) சோனுலினைத் தொடர்புபடுத்தியது. 2009-இல் அந்தப் புரதம் ஹாப்டோகுளோபின் 2 என்ற ரத்தப் புரதத்தின் முன்வடிவம் என்று அடையாளம் காணப்பட்டது. அப்படியென்றால் அந்த 2-ஆம் வடிவத்துக்கான மரபணுவே இல்லாத ஹாப்டோகுளோபின் 1-1 மரபு வகையினர் உடலில் சோனுலின் உருவாகவே வழியில்லை. ஆனால் பரவலாக விற்கப்பட்ட எலைசா கிட்டின் எண்கள் இந்த மரபு வகையோடு பொருந்தவில்லை. அந்தக் கிட் ஹாப்டோகுளோபின் 2-இன் முன்வடிவத்தைப் பிடிக்கவில்லை, ப்ராப்பர்டின் போன்ற வேறு புரதத்தைப் பிடிப்பதாகத் தெரிகிறது என்று 2018-இல் ஒரு கட்டுரை காட்டியது. 2019-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வும் வணிகக் கிட்கள் எதை அளக்கின்றன என்பதே தெளிவில்லை என்றது. எதை அளக்கிறோம் என்று தெரியாத எண்ணை வைத்து எட்டு வார சிகிச்சை வேலை செய்ததா என்று எப்படிச் சொல்வீர்கள்? சோனுலின் வழியைத் தடுக்க உருவாக்கிய லாரசோடைடு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையும் இடைக்காலப் பகுப்பாய்வுக்குப் பிறகு 2022-இல் நிறுத்தப்பட்டது. அந்தத் தோல்வி கிட்டைப் பற்றி எதையும் நிரூபிக்காது, ஆனால் சோனுலின் என்ற பெயரைக் கேட்டதும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐ-ஃபேப் (குடல் அணுக்களுக்குள் இருக்கும் ஒரு புரதம்) பார்க்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அது குடல் மேலணுக்கள் சிதைவதைக் காட்டும். மலத்தில் பார்க்கும் ஆல்ஃபா-1-ஆன்டிட்ரிப்சின் ரத்தப் புரதம் குடலுக்குள் கசிவதைக் காட்டும். இரண்டும் பயனுள்ளவைதான், ஆனால் குடலிலிருந்து உள்ளே எது நுழைகிறது என்ற உங்கள் கேள்விக்கு அவை நேரடிப் பதில் ஆகாது.

இனி சர்க்கரைச் சோதனை. லாக்டுலோஸ் மூலக்கூறு எடை 342, மானிட்டால் 182. சிறிய மானிட்டால் குடலுறிஞ்சிகளின் பரப்பு முழுவதும் தாராளமாக நுழையும். பெரிய லாக்டுலோஸ் அணுக்களுக்கு இடைப்பட்ட சந்திகள் தளர்ந்த இடத்தில்தான் நுழையும். இரண்டையும் உடல் பெரிதாக மாற்றுவதில்லை, சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இரைப்பை மெதுவாகக் காலியாவது, சிறுநீர் கொஞ்சம் சிந்துவது போன்றவை இரண்டையும் ஒரே அளவில் பாதிப்பதால் விகிதம் எடுக்கிறோம்.

பெரியவர்களுக்குப் பழகிப்போன அளவு 5 கிராம் லாக்டுலோஸ், 1 கிராம் மானிட்டால், தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மிலி. மருந்துக்கடை லாக்டுலோஸ் சிரப்பில் ஒரு மிலிக்கு 667 மி.கி. இருப்பதால் 7.5 மிலி எடுத்தால் 5 கிராம் வந்துவிடும். அந்தச் சிரப்பில் லாக்டோஸும் காலக்டோஸும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். காலக்டோசீமியா உள்ளவருக்கு இந்தச் சோதனையே கூடாது.

முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு. காலையில் சிறுநீர்ப்பையை முழுதாகக் காலி செய்யச் சொல்லி, அதில் 20 மிலியைத் தனியாக எடுத்து வையுங்கள். இந்த அடிப்படை மாதிரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு திரும்பப் பெற வழியே கிடையாது. கரைசலைக் குடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஐந்து மணி நேரச் சிறுநீர் முழுவதையும் ஒரே கலனில் சேருங்கள். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஐந்தாம் மணி முடிவில் உந்துதல் இல்லாவிட்டாலும் போகச் சொல்லுங்கள். கலனில் முன்கூட்டியே குளோர்ஹெக்சிடின் அல்லது தைமால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியா சர்க்கரையைத் தின்றுவிடும். மொத்த அளவை மெஷரிங் சிலிண்டரில் அளந்து எழுதிய பிறகே 2 மிலி குப்பிகளில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். பிரித்து உறைய வைத்துவிட்டு மொத்த அளவைத் தேடுவது அடிக்கடி நடக்கிறது. இடையில் வாந்தி எடுத்தால் அன்றைய சோதனை செல்லாது.

எல்சி-எம்எஸ் (திரவப் பிரிகையும் நிறைமானியும் இணைந்த கருவி) வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் ஒரு கேள்வி கேளுங்கள்: லாக்டுலோஸையும் லாக்டோஸையும் பிரிகைக் குழாயில் (column) பிரிக்கிறீர்களா? லாக்டுலோஸ், லாக்டோஸ், சுக்ரோஸ் மூன்றுக்கும் நிறை 342. மானிட்டாலுக்கும் சார்பிட்டாலுக்கும் 182. நிறைமானியால் மட்டும் இவற்றைப் பிரித்தறிய முடியாது, பிரிகை அந்தக் குழாயில்தான் நடக்க வேண்டும்.

குடல்நோய்_மருத்துவர்

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நோயாளியைத் தயார்ப்படுத்துவதில் சில சேர்க்கிறேன், ஏனென்றால் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் தாமாகவே சிறுகுடல் ஊடுருவுதிறனைக் கூட்டும். குறைந்தது ஒரு வாரம் இடைவெளி வேண்டும். 'மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள், மூட்டுவலி மாத்திரையை மாத்திரையாக எண்ணுவதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள். மது, முந்தைய நாள் நீண்ட ஓட்டம் அல்லது கடும் உடற்பயிற்சி இவையும் வேண்டாம்.

மானிட்டால் எதிர்பாராத இடங்களில் இருக்கும்: காளான், சர்க்கரையில்லா சூயிங்கம், மென்று தின்னும் மாத்திரை, நாக்கில் கரையும் மாத்திரை. வயிற்றுப் பிரச்சினை உள்ளவர் வாந்திக்கு நாக்கில் கரையும் ஓன்டான்செட்ரான் போட்டுக்கொண்டு வருவது சாதாரணம். இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். மானிட்டால் இப்படி எங்கும் நிறைந்திருப்பதால்தான் மேயோ கிளினிக் குழு கார்பன்-13 (கனமான கார்பன்) பொதிந்த, உணவில் வந்ததிலிருந்து பிரித்தறியக்கூடிய மானிட்டாலுக்கு மாறியது. விலை கட்டுப்படியானால் அதுவே சிறந்தது, இல்லாவிட்டால் மானிட்டாலுக்குப் பதில் ராம்னோஸ் என்ற சர்க்கரையை வைக்கலாம்.

இன்னொன்று. இந்த ஐந்து மணி நேரச் சேகரிப்பு பெரும்பாலும் சிறுகுடலைத்தான் காட்டும். பெருங்குடலுக்குப் போனதும் இந்தச் சர்க்கரைகளைப் பாக்டீரியா நொதிக்க வைத்துவிடும். பெருங்குடலும் தெரிய வேண்டுமானால் நொதிக்காத சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டியைக் கொடுத்து 24 மணி நேரம் சேர்க்க வேண்டும்.

முதுநிலை_மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள். அடிப்படை மாதிரியில் மானிட்டால் இருந்தால் அதை எப்படிக் கழிப்பது? 0.03-ஐ எல்லையாக எடுக்கலாமா என்பதும் இன்னும் தெளிவாகவில்லை.

உயிர்வேதி_ஆய்வகம்

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஐந்து மணி நேரச் சிறுநீர் 400 மிலி என்று வையுங்கள். லாக்டுலோஸ் மிலிக்கு 0.05 மி.கி., அதாவது 20 மி.கி. கொடுத்த 5000-இல் 0.4 சதவீதம். மானிட்டால் மிலிக்கு 0.35 மி.கி., அதாவது 140 மி.கி. கொடுத்த 1000-இல் 14 சதவீதம். விகிதம் 0.4 / 14 = 0.029.

அடிப்படை மாதிரியில் மானிட்டால் மிலிக்கு 0.05 மி.கி. இருந்ததாம். அதை 400-ஆல் பெருக்கி 20 மி.கி. கழித்தால் மானிட்டால் 12 சதவீதம், விகிதம் 0.033. இது அதிகமாகக் கழித்த கணக்கு. காலைச் சிறுநீர் அடர்த்தியானது, சோதனைக்குத் தண்ணீர் குடித்த பிறகு வருவது நீர்த்தது. கிரியேட்டினினை (சிறுநீரகம் ஏறக்குறைய சீராக வெளியேற்றும் கழிவு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். அடிப்படை மாதிரியில் கிரியேட்டினின் மிலிக்கு 1 மி.கி. என்றால், ஒரு மி.கி. கிரியேட்டினினுக்கு 0.05 மி.கி. மானிட்டால். ஐந்து மணி நேரத்தில் வெளியேறிய கிரியேட்டினின் 240 மி.கி. என்றால் கழிக்க வேண்டியது 12 மி.கி. மட்டுமே. மானிட்டால் 12.8 சதவீதம், விகிதம் 0.031.

ஒரே நோயாளி, ஒரே சிறுநீர். கழிக்காவிட்டால் 0.03-க்குக் கீழே, கழித்தால் மேலே. எல்லையை ஒட்டிய நோயாளியை 'கசிவு உண்டு, இல்லை' என்று வகைப்படுத்துவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலேயே தெரியும்.

இன்னொரு பொறி: சிலர் சதவீதங்களின் விகிதத்தைக் கொடுப்பார்கள், சிலர் சிறுநீரில் உள்ள மி.கி. அளவுகளின் விகிதத்தையே கொடுப்பார்கள். மேலே உள்ள கணக்கில் (கழிக்காமல்) இரண்டாவது முறையில் 20 / 140 = 0.143 வரும். 5-க்கு 1 என்று கொடுத்ததால் ஐந்தால் வகுத்தால் அதே 0.029. நீங்கள் பார்த்த 'வேறு எண்கள்' எந்த முறையில் வந்தவை என்பதை முதலில் சரிபாருங்கள்.

0.03 என்பது ஜெம் திட்டத்தில், க்ரோன் (நாள்பட்ட குடல் அழற்சி) நோயாளிகளின் நோயற்ற நெருங்கிய உறவினர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் எடுத்த எல்லை. அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் க்ரோன் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் வெளியிட்டார்கள். அருமையான வேலை, ஆனால் அந்த எல்லை அந்தக் கரைசலுக்கும் அந்த மக்களுக்கும் உரியது. வேலூர் உட்பட எட்டு இடங்களில் நடந்த மால்-எட் குழந்தைகள் ஆய்வில் கரைசல் மிலிக்கு 250 மி.கி. லாக்டுலோஸ், 50 மி.கி. மானிட்டால்; கரைந்த துகள்களின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 1000 மில்லிஆஸ்மோல். நான் சொன்ன 100 மிலி கரைசல் சுமார் 200 மட்டுமே. அடர்ந்த கரைசலே லாக்டுலோஸ் நுழைவைக் கூட்டும். இரண்டிலிருந்தும் வரும் எண்களை ஒப்பிடவே கூடாது.

குடல்நோய்_மருத்துவர்

எல்லை பற்றி இன்னொரு விஷயம், நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்துவது. வேலூர் சிஎம்சி-யில் பேக்கரும் மாதனும் ஸ்ப்ரூ (சிறுகுடல் சத்துகளை உறிஞ்சாத வெப்பமண்டல நோய்) ஆய்வு செய்த காலத்திலிருந்தே, நோய் அறிகுறி இல்லாத கிராமத்தவரின் சிறுகுடல் உட்சவ்வும் மேலை நாட்டவருடையது போல இருப்பதில்லை என்பது தெரிந்ததுதான். வெளிநாட்டு 'இயல்பு' எல்லையை இங்கே வைத்தால் நலமாக இருப்பவர்களில் பலரையும் நோயாளியாக்கிவிடுவோம். அதே ஊர், அதே வயது, அதே வகைக் குடிநீர் உள்ள நலமானவர்களை உங்கள் கரைசலாலேயே சோதித்து உங்கள் எல்லையை வகுங்கள்.

விகிதத்தை மட்டும் அச்சிடாமல் இரண்டு சதவீதங்களையும் தனித்தனியே கொடுங்கள். லாக்டுலோஸ் கூடியும் விகிதம் உயரலாம், குடலுறிஞ்சிகள் தேய்ந்து மானிட்டால் குறைந்தும் உயரலாம். முதலாவது தடுப்பு தளர்ந்ததைச் சொல்கிறது, இரண்டாவது உறிஞ்சும் பரப்பு சுருங்கியதை. சிகிச்சைக்கு இரண்டும் ஒன்றல்ல.

குளூட்டமின் பற்றி: உங்கள் திட்டம் 2019-இல் கட் (Gut) இதழில் வந்த அமெரிக்க ஆய்வை ஒட்டியது என்று நினைக்கிறேன். 5 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, எட்டு வாரம். அறிகுறி மதிப்பெண் 50 அல்லது அதற்கு மேல் குறைந்தவர்கள் 79.6 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 5.8 சதவீதம். ஐபிஎஸ்-இல் போலி மருந்துக்கே வழக்கமாக இதைவிட நிறையப் பேர் தேறுவார்கள். அதனால் அந்த 5.8 எனக்கு உறுத்துகிறது, வேறு இடத்தில் திரும்பச் செய்து பார்ப்பது அவசியம். உங்கள் ஆய்வு தேவையானது, விடாதீர்கள். அவர்கள் ஒப்பீட்டுக்கு வே (பால் தெளிநீர்) புரதம் கொடுத்தார்கள். நீங்களும் அதையே கொடுத்தால் லாக்டோஸ் நீக்கிய ஐசோலேட்டாக (தூய்மைப்படுத்திய வடிவம்) பாருங்கள். லாக்டோஸ் செரியாமை நம்மிடம் பரவலானது. சாதாரண வே தூள் ஒப்பீட்டுக் குழுவின் வயிற்றைக் கெடுத்து, குளூட்டமினுக்குக் கிடைக்காத வெற்றியைத் தேடித் தரும்.

தூள் எளிதில் கரையாது. லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் கரையும், 5 கிராமுக்கு ஒரு டம்ளர், 200 மிலி தண்ணீர் வேண்டும். வெந்நீரில் கலக்கக் கூடாது, கலக்கி வைக்கவும் கூடாது; கரைசலில் குளூட்டமின் சிதையும். கல்லீரல் செயலிழப்பு உள்ளவர்களை விலக்குங்கள், அம்மோனியா ஏறும். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் அதிக அளவு குளூட்டமின் மரணத்தைக் கூட்டியது என்பதை 2013-இல் வந்த ரெடாக்ஸ் ஆய்வு காட்டியது. உங்கள் நோயாளிகள் அப்படிப்பட்டவர்கள் அல்லர், இருந்தாலும் நெறிமுறைக் குழு கேட்கும்.

புள்ளியியல்_துணை

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 'முன், பின்' மட்டும் செய்யும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். விகிதம் அதிகமாக உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே ஆளிடமே இந்த எண் நாளுக்கு நாள் ஆடும். முதல் நாள் தற்செயலாக உயர்ந்திருந்தவர்கள் எந்த மருந்தும் இல்லாமலே எட்டாம் வாரம் இறங்கி நிற்பார்கள். முடிந்தால் தொடக்கத்தில் இரண்டு தனி நாட்களில் சோதித்து, முதலாவதைத் தேர்வுக்கும் இரண்டாவதை அடிப்படை மதிப்பாகவும் வையுங்கள்.

விகிதம் வலப்பக்கம் நீண்ட பரவல், மடக்கை எடுத்த பிறகே ஒப்பிடுங்கள். லாக்டுலோஸ் கண்டறியும் எல்லைக்குக் கீழே வந்தால் சுழியம் என்று எழுதாதீர்கள், மடக்கை எடுக்க முடியாது. அந்த எல்லையை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்து வைப்பது வழக்கம். எத்தனை மாதிரிகளுக்கு அப்படிச் செய்தீர்கள் என்பதையும் அட்டவணையில் போடுங்கள். ஒரே நோயாளியின் முன், பின் மாதிரிகளை ஒரே ஆய்வகத் தட்டில், ஒரே நாளில் ஓட்டச் சொல்லி ஆய்வகத்தோடு இப்போதே பேசிவிடுங்கள்.