படபடப்பு தலைக்கேறியபோது உங்களை நிதானத்துக்குக் கொண்டுவந்தது எது? (வாசகர்கள் புனைபெயரில் எழுதிய பதில்கள்)

கொள்ளிடக்கரை

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு அந்த இரும்பு நாற்காலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைத்த இரவு. ஒரு பக்கம் கையெழுத்துக்குப் படிவங்கள், மறுபக்கம் மருந்துச் சீட்டு, கைப்பேசியில் விடாமல் சித்தப்பா. திடீரென்று விரல் நுனிகள் மரத்துப் போயின. உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது. காற்றுப் போதவில்லை என்று இழுத்தேன். இழுக்க இழுக்க மோசமானது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "உள்ளே இழுக்காதே கண்ணு. சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல ஊது. ஊது... இன்னும் கொஞ்சம்" என்றார். தன் உள்ளங்கையை என் வாய்க்கு நேரே ஏந்தியிருந்தார். ஃபினாயில் வாசம் வீசும் கை. என் மூச்சு அதில் பட்டு என் முகத்துக்கே திரும்பியது. அவர் வேறு எதுவும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை. விரல்களில் உணர்வு வந்ததும் எழுந்து வேலையைத் தொடர்ந்தார். அப்பா பிழைத்து வந்த பிறகு அவரைத் தேடிப் போனேன். ஒப்பந்தம் மாறி, ஆட்களும் மாறியிருந்தார்கள். நன்றி சொல்ல முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மேலவீதி

எனக்கு எம்.ஆர்.ஐ. குழாய்க்குள். முதுகுத்தண்டுக்கு எடுக்க வேண்டும், அசையக் கூடாது, கூரை மூக்குக்கு மேலேயே இருக்கிறது, சம்மட்டி அடி மாதிரி சத்தம். முதல் தடவை பாதியில் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை வேறொரு டெக்னீஷியன், சின்னப் பெண். உள்ளே தள்ளுவதற்கு முன்பே கண்மேல் ஒரு துணியை மடித்துப் போட்டார். கையில் ரப்பர் பல்பைக் கொடுத்து, "ஒருமுறை அமுக்கிப் பாருங்கள் சார்" என்றார். அமுக்கினேன். வெளியே மணி அடித்தது. "கேட்டதா? நீங்கள் அமுக்கினால் நான் நிறுத்திவிடுவேன், காரணம் கேட்க மாட்டேன்" என்றார்.

முழுப் பரிசோதனையும் முடியும்வரை நான் அதை அமுக்கவே இல்லை. முதல் தடவையும் அதே பல்பு கையில் இருந்தது. ஆனால் அதை அமுக்கிப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வெளியேற வழி இருக்கிறது என்பதை உடம்பு தானே சோதித்துப் பார்த்துவிட்டால் பாதி பயம் இறங்கிவிடுகிறது. இப்போது கல்யாண மண்டபமானாலும் சரி, கூட்டமானாலும் சரி, முதலில் வாசல் பக்கம் ஒருமுறை போய்வந்த பிறகுதான் உட்காருகிறேன்.

பூரகம்

கொள்ளிடக்கரை அவர்களே, உங்களுக்குக் கிடைத்தது முதலுதவி மட்டும். ஊதுவது அந்த நேரத்துக்கு உதவும், வேரைத் தொடாது. எனக்குக் கடை நொடித்த வருடம் இதே கதி, பிராணாயாமத்தால்தான் மீண்டேன். அதை விரிவாகச் சொல்வதே பயன்.

திருமூலர் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார். இடப்பக்க நாசியில் 16 மாத்திரை (மாத்திரை என்பது கண்ணிமைக்கும் பொழுது) உள்ளிழுக்க வேண்டும், 64 மாத்திரை நிறுத்த வேண்டும், 32 மாத்திரை வெளியே விட வேண்டும். விடியற்காலையில், வெறும் வயிற்றில், முதுகை நிமிர்த்தி, தரையில் விரிப்பு போட்டு உட்கார வேண்டும். கட்டிலில் கூடாது. காபி குடித்துவிட்டுச் செய்யக் கூடாது. தொடக்கத்தில் 4, 16, 8 என்று அதே விகிதத்தில் சிறிதாக வைத்துக்கொள்ளலாம். பேச்சைக் குறைக்க வேண்டும், இரவு உணவை முன்கூட்டியே முடிக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்பவரை எந்தப் படபடப்பும் அண்டாது. மேலவீதிக்கும் இதையே சொல்வேன்: வாசலைத் தேடுவது பழகிவிட்டால் அதுவே நோய்.

வெள்ளைச் சேலை

நான் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பூரகம் ஐயா, பழகியவர் விடியற்காலையில் செய்வது வேறு. மூச்சு முட்டிக்கொண்டு வருபவரிடம் "மூச்சை நிறுத்து" என்பது வேறு. காற்று இல்லையென்று தவிப்பவரை நிறுத்தச் சொன்னால் பயம் இரட்டிப்பாகும். நீங்கள் சொன்ன கணக்கிலேயே பாருங்கள், இழுப்பது 16, விடுவது 32. வெளியே போகும் மூச்சு இரு மடங்கு. அந்த அக்கா பிடித்துக்கொண்டது அந்தப் பாதியைத்தான். அதை அரைகுறை என்று தள்ள எனக்கு மனமில்லை.

பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பதும் உதடு குறுகுறுப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பும் தணிகிறது. முன்பெல்லாம் காகிதப் பையை வாயில் வைத்து மூச்சுவிடச் சொல்வோம். இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம், வந்திருப்பது பதற்றமா, ஆஸ்துமாவா, மாரடைப்பா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. நெஞ்சுவலி முதல்முறை வருகிறது, வியர்க்கிறது, வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

என் மனதில் நிற்பது ஒரு லாரி ஓட்டுநர். விபத்தில் அவருக்குக் கீறல்கூட இல்லை, ஆனால் கைநடுக்கம் நிற்கவே இல்லை. ஈரத் துண்டை முகத்தில் ஒற்றினேன். நெற்றியும் கன்னமும் குளிர்ந்ததும் தோள்கள் இறங்கின. "வண்டியில் என் மகள் போட்டோ இருக்கிறது, எடுத்துத் தருவீர்களா?" என்று அப்போதுதான் வாயைத் திறந்தார்.

தாம்பரம் லோக்கல்

காலை நேர மின்சார ரயில், பெண்கள் பெட்டி. சைதாப்பேட்டை தாண்டி அடையாற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. மின்விசிறியும் நின்றது. கூட்டம் தெரியும்தானே, கையைத் தூக்கினால் இறக்க இடமிருக்காது. எனக்குக் கண் இருட்டியது. என்மேல் ஏறக்குறைய சாய்ந்தபடி நின்றிருந்த கல்லூரி மாணவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்கிருந்து தாம்பரம்வரை ஸ்டேஷன் பெயரைச் சொல்லுங்கள்" என்றாள். கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், பல்லாவரம் என்றேன். "இல்லை, ஒன்று விட்டுவிட்டீர்கள்" என்றாள். யோசித்தேன். தினமும் கடக்கும் ஊர், பெயர் வரவில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கீழிருந்து, "திரிசூலம்!" என்று குரல் கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரயில் எப்போது கிளம்பியது என்றே எனக்குத் தெரியவில்லை.

கண்ணில் படும் 5 பொருள், தொடக்கூடிய 4, காதில் விழும் 3, மணம் 2, சுவை 1 என்று எண்ணும் முறை ஒன்று உண்டு. அதையும் செய்து பார்த்திருக்கிறேன். எனக்கு ஸ்டேஷன் பெயர்கள்தான் கைகொடுக்கின்றன.

முருங்கைமரம்

எல்லோரும் மூச்சு மூச்சு என்கிறீர்கள். எனக்குச் சிறுவயது முதல் இழுப்பு. மூச்சைக் கவனி என்றாலே எனக்குப் பயம் கூடும். என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம்.

அம்மாவின் காரியத்தன்று வீடு முழுக்க ஆட்கள். ஆளாளுக்கு ஒரு கேள்வி: சமையல்காரருக்கு முன்பணம் எவ்வளவு, அய்யர் எப்போது வருவார், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது. நான் கொல்லைப்புறம் போய் நின்றுவிட்டேன். பெரியம்மா பின்னாலேயே வந்தார். அழாதே என்று சொல்லவில்லை. ஒரு முறத்தில் முருங்கைக் கீரைக் கொத்துகளை வைத்து என் மடியில் நகர்த்தி, "காம்பு விழாமல் உருவு" என்றார். காம்பின் நுனியைப் பிடித்து எதிர்ப்பக்கமாக இழுத்தால் இலைகள் மொத்தமாகக் கையோடு வரும்; ஆனால் சிறு ஈர்க்கும் சேர்ந்து வரும், அதைப் பொறுக்க வேண்டும். பழுத்த இலை தனி. பெருவிரல் பச்சையாகிவிட்டது. யாரோ என்னைத் தேடி வந்தபோது, "அவனுக்கு வேலை இருக்கிறது" என்று பெரியம்மா திருப்பி அனுப்பினார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

பூரகம்

செவிலியர் அம்மா சொன்ன 32 கணக்கை ஏற்கிறேன். ஆனால் கீரை ஆய்வது பயிற்சி ஆகாது. தினசரி ஒழுங்கு இல்லாமல் மனம் அடங்காது என்பதில் மாற்றமில்லை.

முருங்கைமரம்

மனம் அடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை ஐயா. அன்றைய பகலைக் கடக்க வேண்டியிருந்தது. கடந்தேன்.

இரண்டாம் மாடி

என் மகனுக்காகப் படிக்கிறேன். தேர்வு முடிவு வரும் முந்தைய இரவு குளியலறையில் தாழிட்டுக்கொண்டான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று 14416-க்கு அழைத்தேன். மத்திய அரசின் டெலி-மனஸ் என்ற மனநல உதவி எண், 2022-இல் தொடங்கியது, எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேசினார் ஒரு பெண். மகனைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "அம்மா, நீங்கள் நின்றுகொண்டா பேசுகிறீர்கள்? முதலில் தரையில் உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்ததும் என் குரல் இறங்கியது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவன் தாழைத் திறந்தான் என்று நம்புகிறேன்.

ஒரு கேள்வி. அந்த நேரத்தில் கையைப் பிடித்தால் "தொடாதே" என்று உதறுகிறான். விலகி நின்றால் தனியாக விட்டதாகச் சொல்கிறான். என்ன செய்வது?

வெள்ளைச் சேலை

அமைதியாக இருக்கும் ஒரு நாளில் அவனிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அப்போது நான் எங்கே உட்காரட்டும், பேசலாமா கூடாதா, தண்ணீர் வேண்டுமா. அவன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மட்டும் அவன் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.