தரம் 8 கணக்கு: ஹோம்வேர்க் எல்லாம் சரி, சோதனையில் மட்டும் புள்ளடி. என்ன செய்யலாம்?

உவர்மலை அம்மா:

வணக்கம். மகள் தரம் 8, திருகோணமலை டவுனில் படிக்கிறாள். கணக்கு ஹோம்வேர்க்கை ஒரு நாளும் விட்டதில்லை. கொப்பியைத் திறந்தால் பக்கம் பக்கமாக ரீச்சர் சரி போட்டிருக்கிறார். ஆனால் வகுப்பில் சோதனை வைத்தால் பாதிக்கு மேல் புள்ளடி. வீட்டுக்கு வந்து அதே கணக்கைக் கேட்டால் "இது எனக்குத் தெரியும் அம்மா" என்று செய்து காட்டுகிறாள், ஆனால் பாடநூலில் இருக்கிற உதாரணத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவாள்.

அடுத்த கிழமை திசைகொண்ட எண்கள், பின்னம், எளிய சமன்பாடு மூன்றையும் சேர்த்துச் சோதனை. போன தாளில் பிழைத்ததில் மூன்றை எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

−5 − (−3) என்பதற்கு −8 என்று எழுதியிருக்கிறாள்.
2/3 + 1/4 என்பதற்கு 3/7.
3(எக்ஸ் − 2) = 15 என்பதை அடுத்த வரியில் 3எக்ஸ் − 2 = 15 என்று எழுதிவிட்டு மேலே போக முடியாமல் விட்டிருக்கிறாள்.

கணக்குக்கும் டியூசன் சேர்க்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே விஞ்ஞானம், ஆங்கிலம் என்று பின்னேரம் முழுக்க வெளியில்தான். வந்து சாப்பிட்டு உட்காரவே இரவாகிவிடுகிறது. இதற்கு மேல் ஏற்றினால் பிள்ளை தாங்குமா என்று யோசனையாக இருக்கிறது.

உப்புவெளி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

தங்கச்சி, தாளைப் பார்த்து எழுதினதுக்கு முதலில் நன்றி. பெரும்பாலான பெற்றோர் எத்தனை புள்ளி என்று மட்டும்தான் சொல்வார்கள், பிள்ளை என்ன எழுதியது என்று சொல்லமாட்டார்கள். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

டியூசனை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் மகளுக்குப் பாடம் விளங்காமல் இல்லை. உதாரணம் பக்கத்தில் இருக்கும்போது அதைப் பார்த்துப் போகிறாள், சோதனையில் உதாரணம் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு வகுப்பில் கொண்டுபோய் விட்டால் அங்கேயும் பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு வருவாள், கொப்பி இன்னும் அழகாக இருக்கும், சோதனைத் தாள் இப்படியேதான் இருக்கும்.

இன்றிரவே இப்படிச் செய்து பாருங்கள். உதாரணத்தை வேண்டிய நேரம் வாசிக்கட்டும், ஆனால் பேனையைக் கீழே வைத்துவிட்டு. விளங்கினதும் பாடநூலையும் கொப்பியையும் மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து எழுதட்டும். நடுவில் தடுமாறினால் திறந்து பார்க்கலாம், அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடராமல் மறுபடி மூடிவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, "பாதி செய்திட்டேனே" என்பார்கள். விடாதீர்கள். பார்க்காமல் முதலிலிருந்து கடைசி வரைக்கும் வந்தால்தான் அந்தக் கணக்கு அவளுடையது.

இனி அந்த மூன்று பிழைக்கு வருவோம். மூன்றும் மூன்று சாதி, ஒரே மருந்து இல்லை.

−5 − (−3): கணக்கில் சய, அதாவது − அடையாளம், இத்தனை தரம் வருகிறது, ஆகவே கூட்டி சய போட்டுவிடலாம் என்று கை போயிருக்கிறது. விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்காதீர்கள். கடையில் 5 ரூபா கடன் இருக்கிறது, கடைக்காரர் அதில் 3 ரூபா கடனைக் கழித்துவிட்டார், இப்போது கடன் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்திருக்கிறது, 2 ரூபாக் கடன், அதாவது −2. கடனைக் கழித்தால் கடன் கூட முடியாது என்பது ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் −8 என்று எழுத அவள் கையே போகாது.

2/3 + 1/4: மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறாள். பொது மடங்குகளுட் சிறியது 12, ஆகவே 8/12 + 3/12 = 11/12 என்று அவளுக்கு ரீச்சர் சொல்லிக் கொடுத்திருப்பார். நான் கேட்கச் சொல்வது வேறு. 2/3 அரைவாசியை விடக் கூடவா குறையவா? கூட. அதோடு இன்னும் கொஞ்சம் கூட்டுகிறோம். 3/7 எவ்வளவு? 7இல் பாதி மூன்றரை, 3 அதைவிடக் குறைவு, ஆகவே 3/7 அரைவாசிக்கும் கீழே. கூட்டினதும் எப்படிக் குறைந்தது? இதைக் கண்டுபிடிக்கச் சில வினாடிகூடப் போகாது, ஆனால் பகுதி எண்ணையும் தொகுதி எண்ணையும் வெறும் இலக்கமாகப் பார்க்கிற பிள்ளை இதைக் கேட்கவே கேட்காது. ஒவ்வொரு பின்னக் கணக்குக்கும் முதலில் "விடை 1ஐ விடக் கூட வருமா, அரைவாசிக்குக் கிட்ட வருமா" என்று வாயால் சொல்லிவிட்டுத் தொடங்கப் பழக்குங்கள்.

3(எக்ஸ் − 2) = 15: அடைப்புக்குள் இருக்கும் இரண்டையும் 3ஆல் பெருக்க வேண்டும், 3எக்ஸ் − 6 = 15, எக்ஸ் = 7. அவள் 2ஐப் பெருக்காமல் விட்டிருக்கிறாள், 3எக்ஸ் = 17 என்று வந்ததும் 3ஆல் பிரிபடாததைப் பார்த்துப் பயந்து நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன். சமன்பாட்டில் ஒரு வசதி, விடை சரியா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 7ஐ உள்ளே போடு, 7 − 2 = 5, 3 × 5 = 15, சரி. இந்தச் சரிபார்ப்பை ஒவ்வொரு சமன்பாட்டுக்குக் கீழும் எழுதச் சொல்லுங்கள், சோதனைத் தாளிலும்.

ஒன்று மறந்துவிட்டேன், அழிறப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். பிழைத்த வரியைக் கோடு போட்டு வெட்டிவிட்டுக் கீழே எழுதட்டும். அழித்துவிட்டால் எங்கே பிழைத்தது என்று பிறகு அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

ஏலெவல் கணிதப் பிரிவு, நிலாவெளி:

சேர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் அக்கா. சோதனையில் மூன்று பாடமும் கலந்து வருகிறது என்றால் படிப்பதும் கலந்துதான் படிக்க வேண்டும். ஹோம்வேர்க்கில் பின்னம் என்றால் பத்தும் பின்னம், எந்த முறை என்று யோசிக்கவே தேவையில்லை. சோதனையில் இது எந்தப் பாடக் கணக்கு என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை, அதை வீட்டில் ஒரு நாளும் பழகுவதில்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ரோரர், டெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்குத் திண்மங்களின் கனவளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள், ஒரு குழுவுக்கு வகை வகையாகப் பிரித்து, மற்றக் குழுவுக்குக் கலந்து. பயிற்சி செய்யும்போது பிரித்துச் செய்தவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு கிழமை கழித்துச் சோதனை வைத்தபோது பிரித்துச் செய்தவர்கள் 20 சதவீதம், கலந்து செய்தவர்கள் 63. அதனால் கலந்து செய்யும்போது மகள் கொஞ்சம் கூடப் பிழைவிட்டால் பயப்படாதீர்கள், முன்பு நன்றாகச் செய்தாளே என்று பழையபடி மாற்றியும் விடாதீர்கள்.

கலந்த கணக்குக்கு வெளியில் போய்ப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. அரசாங்கம் தருகிற பாடநூலிலேயே மீட்டற் பயிற்சி இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் அந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. புத்தகம் கையில் இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம்.

அப்புறம், படிமுறை எழுதுகிற பழக்கத்தை இப்போதே கொண்டுவாருங்கள். ஓலெவல் கணித முதலாம் பத்திரத்தில் அ பகுதியில் 25 சிறு வினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. கடைசி விடை பிழைத்தாலும் சரியான படிமுறை இருந்தால் புள்ளி கிடைக்க இடமுண்டு, மனதால் செய்து விடையை மட்டும் எழுதி அது பிழைத்தால் ஒன்றும் கிடைக்காது.

கிண்ணியா வாப்பா:

சகோதரி, நான் ஆசிரியர் இல்லை, எனக்கும் ஒரு மகன் தரம் 8இல் இருக்கிறார். சேர் சொன்ன "விடை பொருந்துதா" என்கிற விசயத்தை நான் எங்கள் பாலத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009இல் திறந்தது, அதற்கு முந்தி பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். அதை 1 : 2000 அளவிடையில் கீறு என்றேன். மகனார் 396ஐ 2000ஆல் பிரித்து 0.198 சென்ரிமீற்றர் என்று எழுதிவிட்டார். சரி, கீறிக் காட்டுங்க என்றேன். அடிமட்டத்தை வைத்தால் கோடே வரவில்லை, ஒரு புள்ளிதான் வருது. அப்போதுதான் மீற்றரைச் சென்ரிமீற்றராக மாற்றவில்லை என்று அவருக்கே விளங்கினது. 39 600ஐ 2000ஆல் பிரித்தால் 19.8 சென்ரிமீற்றர், கொப்பிப் பக்கத்தை நீளப்பாட்டில் திருப்பினால் வடிவாகக் கீறலாம். நான் பிழை என்று சொல்லியிருந்தால் முகம் வாடியிருக்கும். கீறப் போய் அவரே கண்டுபிடித்தார், அதற்குப் பிறகு அலகை ஒரு தரம் பார்க்காமல் விடை எழுதுவதில்லை.

உவர்மலை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கொப்பியை மூடிவிட்டு எழுதச் சொன்னேன். முதலில் கோபம், பிறகு சமன்பாட்டை இரண்டாம் தரம் பார்க்காமல் எழுதினாள், கீழே சரிபார்த்தும் விட்டாள். பின்னம்தான் இன்னும் இழுபடுகிறது, வாய்பாடு தடுமாறுகிறது என்று இப்போதுதான் தெரிகிறது, 8ஆம் வாய்பாட்டில் நிற்கிறாள். சேர், சோதனைக்கு முதல் நாள் இரவு என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் இன்னொரு தரம் செய்ய வைப்பதா?

உப்புவெளி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

வேண்டாம் தங்கச்சி. முதல் நாள் இரவு அவள் வெட்டி எழுதிய தாள்களை மட்டும் எடுத்து, பிழைத்த கணக்கை மட்டும் புதிதாகச் செய்யட்டும். அரை மணித்தியாலம் போதும், பிறகு படுக்கட்டும். நித்திரை இல்லாத பிள்ளை சயவைத்தான் முதலில் தவறவிடும்.

வாய்பாட்டை 1இலிருந்து 12 வரை பாட்டாகச் சொல்ல வைக்காதீர்கள், நடுவில் ஒன்றைக் கேட்டால் பிள்ளை தொடக்கத்திலிருந்து ஓடி வரும். 8 × 7 என்று கேளுங்கள், பிறகு 56இல் எத்தனை 8 என்று கேளுங்கள். பொது மடங்கு காண அவளுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் வேண்டும். சமைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்றிரண்டு கேட்டால் போதும்.

நாளைக்கு இந்தத் தாளைக் கொடுங்கள், கலந்துதான் எழுதியிருக்கிறேன்: −7 − (−4). 35இன் 2/5. 4(எக்ஸ் + 1) = 28. 5/6 − 3/8. சுற்றளவு 26 சென்ரிமீற்றர், நீளம் 8 சென்ரிமீற்றர் என்றால் செவ்வகத்தின் பரப்பளவு எவ்வளவு. 1200 ரூபாச் சட்டைக்கு 15 சதவீதம் கழிவு, எவ்வளவு கட்ட வேண்டும். கடைசி இரண்டும் சோதனையில் இல்லை என்பாள், இருந்தாலும் செய்யட்டும். விடைகளை இங்கே எழுதவில்லை. அவள் செய்த தாளைப் படம் பிடித்துப் போடுங்கள், வெட்டின வரிகளோடு, பெயர் தெரியாமல் மறைத்துவிட்டு. பார்த்துச் சொல்கிறேன்.