மறு: ‘மாட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘மேலொட்டு’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். வியூகக் கணினி ஆட்டங்களின் திரைகளைத் தமிழாக்கும்போது, ஒரு ஆட்டத்தை மாற்ற வெளியார் செய்து சேர்க்கும் கோப்புத் தொகுப்பான ‘மாட்’ (mod) என்பதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> மாட் என்றே எழுதிவிட்டால் என்ன? ஆடுகிறவர்களுக்குப் புரியும்.

புரியும், வேற்றுமை உருபு சேரும்வரை. மாட் என்பதோடு ஐ சேர்ந்தால் மாட்டை. ‘இந்த மாட்டை நீக்கவா?’ என்று திரை கேட்டால் ஆடுகிறவர் தொழுவத்தைத்தான் தேடுவார். ‘இரண்டு மாட்டுக்கும் ஒத்துவரவில்லை’ என்பது பிழைச்செய்தியா, வண்டிக்காரர் புலம்பலா? சரி, மோட் என்று எழுதலாமென்றால் அது ஏற்கெனவே ஏரோபிளேன் மோடுக்குப் போய்விட்டது. போதாததற்கு, வியூக ஆட்டங்களின் முதல் திரையிலேயே ‘கேம் மோட்’ என்று இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

> திருத்தம், மாற்றம், திரிபு. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

திருத்தம் வேண்டாம். மூலத்தில் ஏதோ தப்பு இருந்தது போல ஒலிக்கிறது. மாற்றம் என்பதை ‘மாற்றங்களைச் சேமி’ என்று எல்லா அமைப்புத் திரைகளிலும் செலவழித்துவிட்டோம்.

திரிபு மீது எனக்கும் ஒரு கண் இருந்தது. நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்குகிறது. மாட் செய்கிறவர் வேலையும் அதேதான்: புதுப் படைப்பிரிவு ஒன்றைச் சேர்ப்பார், குதிரைப்படையின் விலையை மாற்றுவார், பிடிக்காத நிகழ்வை எடுத்துவிடுவார். ஆனால் வியூக ஆட்டங்களில் பாதிக்கு மேல் வரலாற்றுக் களம். ‘வரலாற்றுத் திரிபுகள்’ என்று பட்டியலில் ஒரு வகை வைத்துப் பாருங்கள், போர் ஆட்டத்துக்கு வெளியே தொடங்கிவிடும். (இடைச்செருகல் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். பொருள் கச்சிதம். ஆனால் ‘செருகி’ என்பதை, மென்பொருளில் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகினுக்குக் கொடுத்தாயிற்று.)

இந்தச் சொற்களில் எனக்குள்ள பெரிய குறை வேறு. மூலத்தையே பிரித்து உள்ளே கைவைப்பதாக இவை சொல்கின்றன. மாட் பொதுவாக அப்படி வேலை செய்வதில்லை. அது தனி அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும். ஆட்டம் முதலில் தன் கோப்புகளைப் படிக்கும், அப்புறம் மாட்டின் (பாருங்கள், மறுபடியும்!) கோப்புகளை அவற்றின் மேல் வைக்கும். எடுத்துவிட்டால் பழைய ஆட்டம் அப்படியே இருக்கும். ஓப்பன்ஆர்ஏ என்ற திறந்தமூல ஆட்டத் திட்டத்தில் ரெட் அலர்ட், டிபீரியன் டான், டியூன் 2000 ஆகிய மூன்றுமே ஒரே பொறியின் (ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளின்) மேல் அமரும் மாட்கள்தான். 0 ஏ.டி. ஆட்டமும் பைரோஜெனிசிஸ் பொறிக்கு ‘பப்ளிக்’ என்ற பெயருள்ள ஒரு மாட். அங்கே எதைத் திருத்தினார்கள், எதைத் திரித்தார்கள்?

ஆகவே என் பரிந்துரை: மேலொட்டு. முன்னொட்டு, பின்னொட்டு நமக்குப் பழக்கம். ஒட்டுச்செடியும் நினைவுக்கு வரட்டும். வேர் ஒருவருடையது, கிளை இன்னொருவருடையது. வேர்ப்பக்கம் ஏதாவது நடந்தால் வாடுவது கிளை.

அந்த வாட்டம் எனக்கு அனுபவம். நான் பராமரிக்கும் ஒரு சின்ன மேலொட்டில் கப்பல் விலை ஒன்றை மாற்ற, கோப்பு முழுவதையும் நகலெடுத்து ஒரே ஒரு எண்ணைத் திருத்தி வைத்திருந்தேன். அடுத்த பதிப்பில் ஆட்டக்காரர்கள் அதே கோப்பில் புது வரிகள் சேர்த்தார்கள். என் பழைய நகல் அவற்றை மூடிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கணினி எதிராளி மட்டும் கப்பல் கட்டுவதை நிறுத்திவிட்டான். காரணம் கண்டுபிடிக்க இரண்டு இரவு போயிற்று. சிவிலைசேஷன் 4 ஆட்டத்தின் (2005) நாள்களில் பெரும்பாலும் இந்த முழுக்கோப்பு முறைதான். சிவிலைசேஷன் 5 (2010) தரவுத்தளத்தில் வேண்டிய வரியை மட்டும் மாற்றவிட்டது. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 ஆட்டத்தில் இன்றும் அதே பெயரில் கோப்பு வைத்தால் மூலக்கோப்பு மறைந்துபோகும். அதன் விவரக்கோப்பில் எந்தப் பதிப்புக்கு ஒத்துவரும் என்று ஒரு வரி உண்டு. எச்சரிக்கை வராமலிருக்க, சோதிக்காமலே அந்த எண்ணை மட்டும் உயர்த்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

> ஒட்டு என்பதை பேட்சுக்கு வைத்திருக்கிறோமே?

இருக்கட்டும், அது வசதிதான். ஆட்டத்தை ஆக்கியவர்களே தரும் பேட்ச் (சிறு திருத்தக் கோப்பு) ஒட்டு, வெளியார் மேலே வைப்பது மேலொட்டு. யார் தருகிறார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுவது புதிதல்ல. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு ரசிகர்கள் செய்த ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’, 2013இல் ‘தி ஃபர்காட்டன்’ என்று அதிகாரபூர்வமாக வந்ததும் விரிவாக்கம் ஆகிவிட்டது. இரண்டு மேலொட்டுகளைச் சேர்த்துவைக்க மூன்றாமவர் எழுதுவதை இணக்க மேலொட்டு எனலாம்.

கூட்டுச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன். மேலொட்டாளர், மேலொட்டாக்கம், துணை மேலொட்டு, மேலொட்டுத் தொகுப்பு. நாக்கில் நிற்கின்றன. ஆட்டம் அடியோடு வேறாகிவிடும் டோட்டல் கன்வர்ஷனுக்கு ‘முழுமாற்று மேலொட்டு’ என்று எழுதிவைத்திருக்கிறேன், எனக்கே திருப்தியில்லை. வார்கிராஃப்ட் 3இல் டோட்டா போலத் தனி வரைபடமாக வந்தவற்றை இதில் சேர்க்க வேண்டாம், அவற்றுக்கு வரைபடம் என்ற சொல்லே போதும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ‘மேலொட்டை நீக்கு’ என்பதை வேகமாகப் படித்தால் மேலே எங்கோ ஓட்டை என்று தோன்றும். மாட்டுக்கு ஓட்டை தேவலை என்பது என் கட்சி.

மேலொட்டுகள் எந்த வரிசையில் ஏற்றப்படும் என்பதைச் சொல்லும் லோட் ஆர்டருக்கு ‘சுமை வரிசை’ என்று சொன்னவரிடம் ஒரு வேண்டுகோள், யாரும் எதையும் சுமக்கவில்லை. ‘ஏற்று வரிசை’ என்று வைக்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல். பல ஆட்டங்களில் கடைசியாக ஏறுவதுதான் வெல்லும். அதாவது பட்டியலில் கீழே இருக்கும் மேலொட்டுதான் எல்லாவற்றுக்கும் மேலே உட்காரும். பொத்தானில் ‘மேலே நகர்த்து’ என்று எழுதினால் எந்த மேல்? நான் இப்போதைக்கு ‘முன்னே நகர்த்து’, ‘பின்னே நகர்த்து’ என்று போட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மற்ற சரங்களெல்லாம் (மொழிபெயர்க்க வேண்டிய திரைவரிகள்) முடிந்துவிட்டன.