வொயில் கண்டிஷனுக்குள்ளேயே மதிப்பை வாங்கிப் போட வழி உண்டா? (பைத்தான் 3.6)

கேள்வி: பழைய சி ஆள்

எட்டு வருஷம் சி-யில் குப்பை கொட்டியவன். கோப்பைப் படிக்கும் ரீட்-ஐக் கூப்பிட்டு, வந்த பைட் எண்ணிக்கையை ஒரு வேரியபிளில் வாங்கி, அது 0-க்கு மேலா என்று பார்ப்பது வரை எல்லாமே வொயில் லூப்பின் அடைப்புக்குறிக்குள் முடிந்துவிடும். இப்போது எடைமேடைக் கருவி எழுதும் பைனரி கோப்பைப் பைத்தானில் படிக்கிறேன், பதிவுக்கு 64 பைட். கண்டிஷனில் = போட்டால் சின்டாக்ஸ் எரர்.

சரி என்று லூப்புக்கு மேலே ஒரு ரீட், லூப்பின் கடைசி வரியில் இன்னொரு ரீட் வைத்தேன். பத்து நாள் ஓடியது. பிறகு செக்சம் (பதிவு கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் எண்) தப்பான பதிவைத் தள்ளிவிட நடுவில் ஒரு கன்டினியூ (மீதி வரிகளை விட்டு அடுத்த சுற்றுக்குப் போகும் கட்டளை) சேர்த்தேன். அது கடைசி வரி ரீட்-ஐத் தாண்டிக் குதித்துவிட்டது! அதே கெட்டுப்போன பதிவை ராத்திரி முழுக்கச் சுற்றி, லாக்கில் எழுதி எழுதி டிஸ்க் நிரம்பி, காலை ஆறு மணிக்கு எனக்குப் போன்.

ரீட்-ஐ ஒரே இடத்தில் எழுத வழி சொல்லுங்கள். 3.6-ஐ மாற்ற விடமாட்டார்கள். (போனில் தட்டுகிறேன், அதனால் கோடையும் பேச்சாகவே எழுதிவிட்டேன்.)

பதில் 1

வொயில் ட்ரூ போடுங்க. உள்ளே முதல் வரி ரீட், அடுத்த வரி "காலியா வந்தா பிரேக்", அதாவது லூப்பை விட்டே வெளியே. கன்டினியூ எங்கே வச்சாலும் லூப்போட தலைக்குத்தான் போகும், ரீட் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ரிவியூவில் அசிங்கம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

பதில் 2

வரிவரியாக வரும் டெக்ஸ்ட் கோப்பு என்றால் ஃபார் லூப்பே போதும், வொயிலே வேண்டாம். உங்கள் 64 பைட்டுக்குப் பைத்தானிலேயே ஐட்டர் என்ற பங்ஷன் இருக்கிறது. இரண்டு ஆர்க்யுமென்ட் கொடுத்தால் அது வேறு மாதிரி வேலை செய்யும்: முதலாவது திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டிய பங்ஷன், இரண்டாவது எந்த மதிப்பு வந்தால் நிறுத்த வேண்டும் என்பது. ரீட் 64-ஐ ஒரு லாம்டாவில் (பெயரில்லாத சின்ன பங்ஷன்) சுற்றிக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பைனரியாகத் திறந்த கோப்புக்கு நிறுத்தும் மதிப்பு காலி பைட்ஸ். பழக்கதோஷத்தில் காலி ஸ்ட்ரிங் கொடுத்தால் இரண்டும் ஒருநாளும் சமமாகாது, லூப் நிற்காது. மறுபடியும் ஆறு மணிப் போன்தான்.

பதில் 3

என்றைக்காவது 3.8-க்கு ஏறினால் கண்டிஷனுக்குள்ளேயே மதிப்பை வாங்கிப் போடும் வால்ரஸ் குறி := கிடைக்கும், 2019 அக்டோபரில் வந்தது. அதைக் கொண்டுவந்த பெப் 572 என்ற மாற்ற முன்மொழிவுக்கு நடந்த சண்டையில் அலுத்துப்போய்த்தான் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பையே விட்டார். இத்தனைக்கும் ஒரு முக்காற்புள்ளியும் சமக்குறியும்!

சி ஆளுக்குத் தெரிந்த பொறி இதிலும் உண்டு. ஒப்பீடு முதலில், வால்ரஸ் பிறகு. வாங்கும் பகுதிக்கு அடைப்புக்குறி போடாமல் != 0 என்று சேர்த்தால் வேரியபிளில் எண் வராது, ட்ரூ அல்லது ஃபால்ஸ்தான் வரும்.

பழைய சி ஆள்

நன்றி. கோப்புக்கு ஐட்டர் போட்டேன். சொல்லியும் முதலில் காலி ஸ்ட்ரிங்தான் கொடுத்தேன். நல்லவேளை, டெஸ்ட் மெஷின்.

அதே ஐட்டரை எடைமேடையின் சீரியல் போர்ட்டுக்கும் வைத்துப் பார்த்தேன். சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் லைப்ரரியில் டைம்அவுட் ஆனாலும் காலி பைட்ஸ்தான் வருகிறது. மேடையில் இரண்டு நொடி லாரி இல்லையென்றால் லூப் முடிந்துவிடுகிறது. அங்கே மட்டும் வொயில் ட்ரூ. காலியாக வந்தால் பிரேக் இல்லை, கன்டினியூ. ஆமாம், அதே கன்டினியூதான்.