கரூரில் போர்வை சுமந்த தோஸ்த்: பழைய பிக்கப் வாங்கியவர்களின் அனுபவங்கள்

ஒட்டன்சத்திரம், தக்காளி விவசாயி:

இத்தனை வருடமாக வாடகைக் குட்டி யானையில்தான் தக்காளியை மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். விலை ஏறும் நாளில் வண்டி கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். போன தை மாதம் சொந்தமாக ஓர் அசோக் லேலண்ட் தோஸ்த் எடுத்துவிட்டேன். 2014 மாடல், 2,70,000 ரூபாய். மாதத் தவணை கட்ட எனக்கு மனம் வரவில்லை, அதனால் புது வண்டிப் பக்கமே போகவில்லை.

இதை எடுப்பதற்கு முன் ஏழு வண்டி பார்த்தேன். பழனி ரோட்டில் ஒன்று, பளபளவென்று பெயின்ட் அடித்து நின்றது. கேபினுக்கும் பின் பாடிக்கும் நடுவில் உள்ள சந்து இடப்பக்கம் மூன்று விரல், வலப்பக்கம் இரண்டு விரல். என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் அதைப் பார்த்ததுமே, "சேஸிஸ் முறுக்கியிருக்கு தம்பி, வா போகலாம்" என்றார். சேஸிஸ் என்றால் வண்டியின் அடிச்சட்டம். எனக்கு மனசு கேட்காமல் கீழே படுத்துப் பார்த்தேன். பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் வெல்டிங் வைத்து, மேலே கறுப்பு பெயின்ட் பூசியிருந்தார்கள். இன்னொரு வண்டியில் மீட்டர் 60,000 காட்டியது, ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அதையும் விட்டேன்.

கடைசியில் நான் எடுத்த கரூர் வண்டியின் கதை வேறு. அதன் உரிமையாளர் போர்வை, மேசை விரிப்பு வியாபாரம் செய்பவர். பாடி நிறைய பேல் அடுக்கினாலும் ஐந்நூறு, அறுநூறு கிலோதான் வருமாம். ஒன்றேகால் டன் சுமக்கும் வண்டி, அதில் பாதியைத்தான் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டைகள் வில் மாதிரி வளைந்தே இருந்தன. பாடித் தரையில் பெயின்ட் உரசியிருந்தது, ஒரு பள்ளம் கிடையாது. ஓடிய கிலோமீட்டரை எல்லோரும் கேட்கிறோம். என்ன ஏற்றினீர்கள் என்று கேட்க எனக்கு ஏழு வண்டி தேவைப்பட்டது.

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். காலை ஆறு மணிக்குப் போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஒரே செல்ஃபில் பிடித்தது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தோம். புகை இல்லை, மூடியின் உள்பக்கம் வெள்ளை நுரையும் இல்லை. நுரை இருந்தால் கூலன்ட் தண்ணீர் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டுமாம். அப்புறம் அந்த அய்யா ஒரு நோட்டு எடுத்து வந்து காட்டினார். ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, கிலோமீட்டரோடு எழுதியிருந்தார். விலை பேசும்போது ரொம்ப அடித்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பேப்பரில் ஒரு சிக்கல். வண்டிக் கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டார், பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கியின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன். உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டேன். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எஃப்.சி.க்கு வருடா வருடம் காட்ட வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மாற்றங்கள் அதிகம் செய்யவில்லை. தரைக்குக் கனமான ரப்பர் விரிப்பு. தார்ப்பாய் போட நான்கு வளைவுக் குழாய், கழற்றி மாட்டும்படி. பெட்டிகளை இழுத்துக் கட்டக் கூடுதல் கொக்கிகள். இரவில் ஏற்றி இறக்க பாடிக்குள் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டலாமா என்று கேட்டேன். மெக்கானிக் அண்ணன் வேண்டாம் என்றார். வண்டி விறைத்துப்போய் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும், அடிப் பெட்டித் தக்காளி நசுங்கும், பட்டை கூட்டியதற்காக ஆர்.சி.யில் அனுமதித்த எடை ஏறிவிடாது என்றார்.

பக்கவாட்டுப் பலகையை இரும்புத் தகட்டில் ஓரடி உயர்த்த மட்டும் இன்னும் ஆசை இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருச்செங்கோடு, பாடி கட்டும் பட்டறை:

தம்பி, அவசரப்படாதீர்கள். உங்கள் ஆர்.சி.யில் வெறும் வண்டி எடை, மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். நடுவில் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஆங்கிளும் தகடுமாக 90 கிலோ கூட்டினால் அது சரக்கில்தான் கழியும். 14 கிலோ பெட்டி என்றால் ஒவ்வொரு நடைக்கும் ஆறு பெட்டி போச்சு. உயரம் வேண்டுமென்றால் கழற்றி மாட்டும் சட்டமாக, மெல்லிய குழாயில் வலை அடித்துக்கொள்ளுங்கள். தக்காளிக்குக் காற்றும் கிடைக்கும்.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள். இது காமன் ரெயில் எஞ்சின், டீசல் அளவைக் கம்ப்யூட்டர் பெட்டிதான் கட்டுப்படுத்தும். அது போய்விட்டால் செலவு தாங்காது. சேஸிஸில் துளை போட விடாதீர்கள். முன்னால் பெரிய இரும்பு பம்பர் வைக்கச் சொல்லி இளைஞர்கள் வருகிறார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுத்துவிட்டது. நான் செய்து தருவதில்லை. ஒளிரும் பட்டையை மட்டும் யாரும் கேட்காமலே ஒட்டிவிடுவேன்: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. இரவில் ரோட்டோரம் நிற்கும் வண்டிக்கு அதுதான் உயிர்.

நாகப்பட்டினம், மீன் வியாபாரம்:

என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள் என்பதை நான் அப்படியே வழிமொழிகிறேன் அண்ணா. என் முதல் குட்டி யானையை இங்கே துறைமுகத்திலேயே வாங்கினேன். மேலே நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் பாடியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சுத்தியலால் தட்டினால் உதிர்ந்தது. ஐஸ் தண்ணீரும் உப்பும் வருடக்கணக்கில் சொட்டிச் சொட்டித் தின்றிருக்கின்றன.

அடுத்த வண்டியைத் தேடிப்போய் உள்மாவட்டத்தில் எடுத்தேன், நாமக்கல் பக்கம் கோழித் தீவனம் ஏற்றிய பொலிரோ பிக்கப். பாடிக்குள் ஃபைபர் விரிப்பு வைத்து, பின்பக்கம் லேசாகச் சாயும்படி அமைத்தேன். மூலையில் ஒரு வடிகுழாய். அந்தக் குழாயின் நுனி சேஸிஸைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, ஒரு சொட்டும் இரும்பில் படாது. இந்த ஒரு குழாய்க்காக மூன்று பட்டறை ஏறி இறங்கினேன். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுகிறேன். நான்கு வருடமாகத் துரு இல்லை.

மூடிய ஐஸ் பெட்டியாகவே பாடியை மாற்ற ஆசைப்பட்டேன். அதற்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் பாடி வகையை மாற்ற வேண்டும் என்றார்கள். வேலை முடிந்த பிறகு போய் நிற்கக் கூடாது. பணம் சேர்ந்ததும் முறைப்படி செய்யப்போகிறேன்.

வேலூர், ஹார்டுவேர் கடை:

சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 தொடக்கத்தில் சந்தை விலையைவிட அறுபதாயிரம் குறைவாக ஒரு பிக்கப் கிடைத்தது. சென்னைப் பதிவு. மூன்று மாதத்தில் வயரிங் ஒவ்வொன்றாகப் போனது, ஒரு நாள் மேம்பாலத்தில் மொத்த விளக்கும் அணைந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே சேற்றுக்கோடு தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. இப்போது யார் துணைக்கு அழைத்தாலும் முதலில் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறேன், அப்புறம் சீட் தண்டவாளத்தின் அடியில் விரல் விட்டுத் துரு இருக்கிறதா என்று தடவுகிறேன்.

ஒட்டன்சத்திரம், தக்காளி விவசாயி:

திருச்செங்கோடு அண்ணா, மிக்க நன்றி. தகடு யோசனையை விட்டுவிட்டேன். கழற்றும் வலைச் சட்டத்துக்கு அளவு எடுத்துவிட்டேன், பாடித் தரையிலிருந்து இரண்டரை அடி, மூன்று துண்டாக. நாகை தம்பி சொன்ன வடிகுழாயும் எனக்குப் பயன்படும், தக்காளிச் சாறும் இரும்பை அரிக்கும். கரூர் அய்யாவின் நோட்டில் இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. போன வாரம் ஆயில் மாற்றியதை அவர் எழுத்துக்குக் கீழேயே எழுதினேன்.