பூட்டு ஓரிடம், வரிசை வேறிடம்: பெங்களூரு டேட்டாபேஸ் அனுபவங்கள்

பெல்லந்தூர்வாசி:
போன மாதம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது. எங்களுடையது டெலிவரி ஆப், தகவலெல்லாம் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில். போன் நம்பரில் தேடினால் நொண்டியடிக்கிறதே என்று காலை 11.30க்கு ஆர்டர் டேபிளில் இண்டெக்ஸ் (புத்தகச் சொல்லடைவு போலத் தேடலை வேகமாக்குவது) போட்டேன். அதற்கான சாதாரண 'கிரியேட் இண்டெக்ஸ்' கட்டளை முடியும்வரை டேபிளைப் படிக்கலாம், எழுத முடியாது. எங்கள் டாஷ்போர்டு படிக்க மட்டுமே செய்யும் என்பதால் எல்லாம் பச்சையாகவே இருந்தது. விஷயம் தெரிந்தது கீழே டீக்கடையில். ஓசூர்ப் பையன் ஒருவன் 'டெலிவர்டு' பட்டனை அமுக்கிக்கொண்டே நிற்கிறான், வட்டம் சுற்றுகிறது. "நெட்வொர்க் சரியில்லண்ணா" என்றான். நெட்வொர்க் என்ன பாவம் செய்தது!

நிறுத்திவிட்டு, ராத்திரி அதே கட்டளையை 'கன்கரண்ட்லி' என்ற சொல் சேர்த்து ஓட்டினேன். எழுதுபவர்களைத் தடுக்காது, ஆனால் டேபிளை இரண்டு முறை படிக்கும், தொடங்கி இன்னும் முடிக்காத வேலைகளுக்காக, அதாவது ஏற்கெனவே திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷன்களுக்காகக் காத்திருக்கும். முக்கால் மணி நேரம் அசையவில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் பார்த்தால், சாயங்காலத்திலிருந்து ஒரு செஷன் (டேட்டாபேஸுடனான இணைப்பு) 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. சக ஊழியர் தொடக்கக் கட்டளையான பிகின் போட்டு, அதே டேபிளில் ஒரு அப்டேட் அடித்துவிட்டு, கமிட் செய்து முடித்துவைக்காமலே சில்க் போர்டு நெரிசலுக்கு முந்திக் கிளம்பியிருக்கிறார்.

கடுப்பில் கண்ட்ரோல் சி அடித்து நிறுத்தினேன். அப்படி நின்றுபோன இண்டெக்ஸ் அழியாது, 'இன்வேலிட்' (செல்லாதது) என்று பெயருக்குக் கிடக்கும். என் ஸ்கிரிப்டில் 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (இல்லாவிட்டால் மட்டும் போடு) வேறு. சக ஊழியரின் செஷனை முடித்துவிட்டு மறுபடி ஓட்டினால், ஏற்கெனவே இருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாளும் அதே நொண்டி. அதை டிராப் செய்து (அழித்து), புதிதாகப் போட்ட பிறகுதான் சரியானது.

அல்சூர் அண்ணன்:
தம்பி, என்னைக் கவிழ்த்தது டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை. ஒரு காலம் (நெடுவரிசை) சேர்ப்பது, நொடியில் முடிகிற வேலை. ஆனால் முன்னால் அக்கவுண்ட்ஸ் ரிப்போர்ட் ஒன்று 20 நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆல்டர் அதற்குப் பின்னால் நிற்க, ஆல்டருக்குப் பின்னால் வந்த, படிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட்கூட நகரவில்லை. லாக் (பூட்டு) கிடைக்காமலே ஊரை நிறுத்திவிட்டது! இப்போது லாக்குக்குக் காத்திருக்கும் வரம்பை, அதாவது லாக் டைம்அவுட்டை, 2 நொடி வைத்துத்தான் ஓட்டுகிறேன். கிடைக்கவில்லையா, கொஞ்சம் பொறுத்து மறுபடி.

மடிவாளா அக்கா:
நாங்கள் பயன்படுத்துவது மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸ். இண்டெக்ஸ் இல்லாத காலத்தை வைத்துத் தேடி, ஒரே ஒரு வரியை அப்டேட் செய்தோம். 'ரிப்பீட்டபிள் ரீட்' என்ற தனிமைப்படுத்தும் நிலையில் இருந்த இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சின்), வழியில் பார்த்த வரிகளையெல்லாம் பூட்டிவிட்டது. இண்டெக்ஸ் போட்டதும் தீர்ந்தது. அது கிடக்கட்டும், அந்தச் சக ஊழியரிடம் என்ன சொன்னீங்க?

பெல்லந்தூர்வாசி:
ஒன்றும் சொல்லவில்லை அக்கா. சும்மா திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷன் 10 நிமிடத்தில் அறுந்துபோகும்படி டைம்அவுட் வைத்தேன். முதலில் அறுந்தது என் செஷன்தான்.